வாகன விளக்குகளில் ஆவி ஒடுங்குதல்

வாகன விளக்குகளில் ஆவி ஒடுங்குதல் என்பது, தானுந்து, விசையுந்து, பேருந்து முதலிய ஊர்திகளின் முகப்பு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் உள்ளே இருக்கும் காற்றிலுள்ள நீராவி, விளக்கின் குளிர்ந்த உட்பரப்பில் நுண்ணிய நீர்த்திவலைகளாகப் படியும் நிகழ்வாகும். வெளியிலிருந்து பார்க்கும்போது விளக்கின் கண்ணாடி உட்புறமாகப் புகை படிந்தது போல் தோன்றும். நீராவி நீராக மாறும் இச்செயற்பாடு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆவி சுருங்குதல் என்றும், இலங்கை வழக்கில் ஒடுங்குதல் என்றும் குறிப்பிடப்படுகிறது.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காணப்படும் இப்படிவு பெரும்பாலும் விளக்கின் பழுது அன்று. இன்றைய ஊர்தி விளக்குகள் காற்றுப் புகாவண்ணம் மூடப்பட்டவை அல்ல. வெளிக்காற்றுடன் தொடர்புடையனவாகவே அவை வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மெல்லிய படிவு தோன்றுவதும், பின்னர் தானாக மறைவதும் இயல்பு. மாறாக, விளக்கின் அடியில் நீர் தேங்கி நிற்பது கசிவின் அறிகுறியாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையால், நல்ல விளக்குகள் தேவையின்றி மாற்றப்படுவதும், கசியும் விளக்குகள் கவனிக்கப்படாமல் விடப்படுவதும் உண்டு.

விளக்கின் அமைப்பு

இக்கால முகப்பு விளக்கு ஒன்றில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

- வெளிவில்லை: ஒளி வெளியேறும் ஒளிபுகு முன்மூடி. வழக்கில் இது கண்ணாடி எனப்பட்டாலும், தற்போதைய தானுந்துகளில் பெரும்பாலும் பாலிகார்பனேட்டு என்னும் நெகிழியால் ஆனது. பின்விளக்குகளில் அக்ரிலிக்கு நெகிழி மிகுதியாகப் பயன்படுகிறது.
- கூடு: விளக்கின் பின்பகுதி. இதுவும் நெகிழியால் ஆனது. வெளிவில்லை இதனுடன் பசையால் ஒட்டப்படும், அல்லது உருக்கி இணைக்கப்படும்.
- எதிரொளிப்பான்: அலுமினியத்தின் மிக மெல்லிய பூச்சினைக் கொண்ட வளைபரப்பு. சில விளக்குகளில் இதனுடன் குவிவில்லையும் இருக்கும்.
- ஒளிமூலம்: ஆலசன் மின்குமிழ், செனான் மின்னிறக்கக் குமிழ் அல்லது எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம்.
- பின்மூடி: மின்குமிழை மாற்றுவதற்காகக் கூட்டின் பின்புறம் உள்ள திறப்பை மூடும் இரப்பர் அல்லது நெகிழி மூடி.
- காற்றுத்துளைகள்: விளக்கின் உட்பகுதியை வெளிக்காற்றுடன் இணைக்கும் சிறு வழிகள்.

இவற்றுள் ஆவி ஒடுங்குதலுடன் நேரடித் தொடர்புடையவை வெளிவில்லையும் காற்றுத்துளைகளும் ஆகும்.

இயற்பியல் அடிப்படை

பனிபடுநிலை

குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் வெளியில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. இவ்வளவு வெப்பநிலையுடன் விரைவாகக் கூடுகிறது. 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 4.8 கிராம், 10 பாகையில் 9.4 கிராம், 20 பாகையில் 17.3 கிராம், 30 பாகையில் 30.4 கிராம் என்பன அவ்வளவுகள் ஆகும். உச்ச அளவில் எத்தனை விழுக்காடு நீராவி காற்றில் உண்மையில் உள்ளதோ அதுவே ஒப்பு ஈரப்பதம் எனப்படும்.

ஈரமுள்ள காற்று குளிர்ந்துகொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவியே அவ்வெப்பநிலைக்குரிய உச்ச அளவாகிவிடும். அவ்வெப்பநிலை பனிபடுநிலை எனப்படும். அதற்கும் கீழே குளிர்ந்த பரப்பு ஒன்றைக் காற்று தொடும்போது, மிகுதியான நீராவி அப்பரப்பில் நீராகப் படிகிறது. குளிர்நீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும், புல்நுனியில் பனி படிவதும் இதே காரணத்தால்தான்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

உட்கொள்ளளவு 5 லீட்டர் உள்ள ஒரு முகப்பு விளக்கை எடுத்துக்கொள்ளலாம். அதனுள் 30 பாகை செல்சியசு வெப்பநிலையும் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட காற்று இருப்பதாகக் கொள்வோம். இக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24.3 கிராம் நீராவி இருக்கும். ஆகவே 5 லீட்டரில் உள்ள நீராவி 0.12 கிராம் மட்டுமே. இக்காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை ஆகும். எனவே வெளிவில்லை 26 பாகைக்குக் கீழே குளிர்ந்தவுடன் படிவு தொடங்கிவிடும்.

விளக்கு முழுவதும் 20 பாகைக்குக் குளிர்ந்தால், கன மீட்டருக்கு 7 கிராம் வீதம் மொத்தம் 0.035 கிராம் நீர் படியும். ஒரு சொட்டு நீரின் எடை ஏறத்தாழ 0.05 கிராம் என்பதால், இது ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆயினும் 500 சதுர சென்ட்டிமீட்டர் பரப்புள்ள வெளிவில்லையில் இது பரவினால் சராசரித் தடிப்பு 0.7 மைக்ரோமீட்டர் ஆகிறது. நீர் சீரான படலமாக அமையாமல் எண்ணற்ற நுண்துளிகளாக இருப்பதால், அவை ஒளியைச் சிதறடித்து விளக்கு முழுவதையும் வெண்மையாகக் காட்டுகின்றன. ஒரு சொட்டுக்கும் குறைந்த நீர் ஒரு விளக்கு முழுவதையும் மங்கலாக்கப் போதுமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

இதே கணக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. விளக்கின் அடியில் 50 மில்லிலீட்டர் நீர் தேங்கியிருந்தால், அதனை இவ்வகை ஒடுக்கத்தால் மட்டும் விளக்க இயலாது. அவ்வளவு நீர் சேர ஏறத்தாழ 1,400 முறை இவ்வாறு ஆவி ஒடுங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் படிந்த நீர் சிறிதும் உலராமல் இருக்கவும் வேண்டும். எனவே தேங்கிய நீர் வெளியிலிருந்து நீராகவே உட்புகுந்தது எனக் கொள்ளலாம்.

நெகிழியில் உள்ள ஈரம்

விளக்கினுள் உள்ள நீராவிக்குக் காற்று மட்டுமே மூலம் அன்று. நெகிழிகளும் காற்றிலிருந்து சிறிதளவு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 23 பாகை வெப்பநிலையிலும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் பாலிகார்பனேட்டு தன் எடையில் ஏறத்தாழ 0.15 விழுக்காடு நீரை ஏற்கும். ஒரு கிலோகிராம் பாலிகார்பனேட்டில் இது 1.5 கிராம் ஆகும். மேலே கணக்கிட்ட காற்றிலுள்ள நீராவியைப் போல இது பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. அக்ரிலிக்கு நெகிழி இதைவிட மிகுதியாக ஈரத்தை ஏற்கும்.

விளக்கு எரிந்து சூடாகும்போது நெகிழிப் பகுதிகள் இவ்வீரத்தின் ஒரு பகுதியை உட்காற்றில் வெளிவிடுகின்றன. அது குளிர்ந்த வெளிவில்லையை அடைந்து படிகிறது. மழையோ கழுவுதலோ இல்லாத நாட்களிலும், விளக்கை ஏற்றிய சிறிது நேரத்தில் ஓரங்களில் படிவு தோன்றுவதற்கு இதுவே காரணம்.

படிவு வெளிவில்லையில் தோன்றக் காரணம்

விளக்கின் பகுதிகளுள் விரைவில் குளிர்வது வெளிவில்லையே. கூட்டின் பின்புறம் எந்திரத்தின் வெப்பத்தால் சூடாக இருக்க, வெளிவில்லை வெளிக்காற்றையும் மழையையும் நேரடியாக எதிர்கொள்கிறது. படிவைத் தோற்றுவிக்கும் சூழ்நிலைகள் வருமாறு.

1. தெளிந்த வானமுள்ள இரவுகளில், திறந்தவெளியில் நிறுத்தப்பட்ட ஊர்தியின் வெளிவில்லை தன் வெப்பத்தை வான்நோக்கிக் கதிர்வீசி, சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது.
2. எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் மீது மழை பெய்யும்போது, உட்காற்று சூடாகவும் வெளிவில்லை குளிர்ந்தும் காணப்படுகின்றன.
3. பயணம் முடிந்து விளக்கை அணைத்த பின், உட்பகுதி சூடாக இருக்கும்போதே வெளிவில்லை முதலில் குளிர்கிறது.
4. வெயிலில் நின்ற ஊர்தியைக் குளிர்ந்த நீரால் கழுவும்போது வெளிவில்லை திடீரெனக் குளிர்கிறது.

படிவு பெரும்பாலும் விளக்கின் மூலைகளிலும் குறுகிய முனைகளிலும் தொடங்கும். ஒளிமூலத்தின் வெப்பம் அங்குக் குறைவாகச் செல்வதும், காற்றோட்டம் குறைந்திருப்பதும் இதற்குக் காரணங்கள்.

விளக்கின் மூச்சு

மாறா அழுத்தத்தில் வளிமத்தின் கனவளவு அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது சார்லசின் விதி. விளக்கினுள் உள்ள காற்று 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால், தனிவெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 333 கெல்வினுக்கு உயர்கிறது. இது ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்வு. எனவே 5 லீட்டர் விளக்கிலிருந்து ஏறத்தாழ அரை லீட்டர் காற்று வெளியேறும். விளக்கு குளிரும்போது அதேயளவு வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஒவ்வொரு முறை விளக்கு எரிந்து அணையும்போதும் நிகழும் இப்போக்குவரத்தை விளக்கு மூச்சு விடுதல் என உவமையாகக் கூறலாம்.

காற்றுத்துளைகள் இல்லாமல் விளக்கை முற்றாக மூடினால் என்னவாகும் என்பதும் இக்கணக்கிலிருந்து தெரிகிறது. உள்ளழுத்தம் 10 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 கிலோபாசுக்கல் உயரும். 500 சதுர சென்ட்டிமீட்டர் வெளிவில்லையின் மீது இது ஏறத்தாழ 500 நியூட்டன் விசையை, அதாவது 50 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். நாள்தோறும் இவ்விசை ஏறி இறங்கினால் ஒட்டிய விளிம்பு நாளடைவில் தளர்ந்துவிடும்.

குளிரும்போது நிகழ்வது இதனினும் தீங்கானது. சூடான நிலையில் அடைபட்ட விளக்கு 30 பாகைக்குக் குளிர்ந்தால், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விட ஏறத்தாழ 9 கிலோபாசுக்கல் குறையும். இது 90 சென்ட்டிமீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றப் போதுமான உறிஞ்சல் ஆகும். விளிம்பில் மயிரிழையளவு வெடிப்பு இருந்து அதன்மேல் மழைநீர் நின்றிருந்தால், அந்நீர் உள்ளே இழுக்கப்படும். காற்றுத்துளை அடைபட்ட விளக்குகளில் நீர் புகுவது இவ்வாறே. ஈரம் வராமல் தடுக்கும் எண்ணத்துடன் காற்றுத்துளைகளைப் பசையால் அடைப்பது எதிர்விளைவைத் தருவதும் இதனாலேயே.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் மண்ணெண்ணெய் விளக்குகளும் அசிட்டலீன் வளிம விளக்குகளும் பயன்பட்டன. சுடர் எரியக் காற்று தேவை என்பதால் இவற்றில் காற்று வழிகள் இருந்தாகவேண்டும். பின்னர் வந்த மின்விளக்குகளில் கண்ணாடி வில்லையும் உலோக எதிரொளிப்பானும் தனித்தனியாக அமைந்து, இடையில் அடைப்பு வளையம் வைக்கப்பட்டது. இவ்விடைவெளி வழியே ஈரமும் தூசியும் புகுந்து எதிரொளிப்பானின் வெள்ளிப்பூச்சைக் கருக்கச் செய்தன. இதனால் ஊர்தி பழையதாக ஆக அதன் ஒளியும் மங்கியது.

இதற்குத் தீர்வாக, 1940 ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகள் முதல் ஐக்கிய அமெரிக்காவில் அடைப்புக்கற்றை விளக்கு அறிமுகமானது. இதில் இழை, எதிரொளிப்பான், வில்லை ஆகிய மூன்றும் ஒரே கண்ணாடி அலகாக உருக்கி மூடப்பட்டன. ஏழு அங்குல விட்டமுள்ள வட்ட வடிவில் அமைந்த இவ்விளக்கினுள் ஈரம் புக வழியே இல்லை. ஆனால் இழை அறுந்தால் முழு அலகையும் மாற்றவேண்டியிருந்தது. ஐரோப்பாவிலோ மின்குமிழை மட்டும் மாற்றக்கூடிய விளக்குகளே தொடர்ந்து வழக்கில் இருந்தன. ஆலசன் மின்குமிழ் 1962 இல் ஐரோப்பிய ஊர்தி விளக்குகளில் அறிமுகமானது.

1983 இல் ஐக்கிய அமெரிக்காவும் தன் விதியைத் திருத்தி, மின்குமிழை மாற்றக்கூடிய விளக்குகளை அனுமதித்தது. 1984 ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் VII இவ்வகை விளக்குடன் அங்கு வெளிவந்த முதல் தானுந்தாகும். இதன்பின் விளக்குகள் ஊர்தியின் வடிவத்துக்கேற்ப வளைந்தும் நீண்டும் அமைந்தன. கண்ணாடிக்கு மாற்றாகப் பாலிகார்பனேட்டு வந்தது. திறக்கக்கூடிய பின்மூடியும் காற்றுத்துளைகளும் இன்றியமையாதவை ஆயின. அவற்றுடன் ஆவி ஒடுங்குதலும் வந்தது.

மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. முன்னர் ஒளியைப் பரப்பும் வேலையை வில்லையில் உள்ள வரிகள் செய்தன. பின்னர் அவ்வேலை எதிரொளிப்பானுக்கு மாற்றப்பட்டதால், 1990களில் வரிகளற்ற தெளிந்த வெளிவில்லைகள் பரவின. வரியுள்ள வில்லைகளில் கண்ணுக்குத் தெரியாதிருந்த மெல்லிய படிவு, தெளிந்த வில்லைகளில் பளிச்செனத் தெரியலாயிற்று.

ஒளியுமிழ் இருமுனைய விளக்குகள்

ஆலசன் மின்குமிழ் ஒன்றின் திறன் பொதுவாக 55 வாட்டு. இதில் சிறுபகுதியே ஒளியாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக ஒளியுடன் முன்னோக்கிச் சென்று வெளிவில்லையைச் சூடாக்குகிறது. ஆகவே ஆலசன் விளக்கு தன் படிவைத் தானே உலர்த்திக்கொள்ளும் இயல்புடையது.

ஒளியுமிழ் இருமுனையம் குறைந்த மின்திறனில் அதே ஒளியைத் தருகிறது. அதன் கற்றையில் அகச்சிவப்புக் கதிர் மிகக் குறைவு. உண்டாகும் வெப்பம் பின்புறமுள்ள வெப்பக்கடத்தித் தகடுகள் வழியாக அகற்றப்படுகிறது. இதனால் பின்பகுதி சூடாகவும் வெளிவில்லை குளிர்ந்தும் இருக்கும். இது ஆவி ஒடுங்குவதற்கு ஏற்ற நிலையாகும். குளிர்நாடுகளில் இவ்வகை விளக்குகளின் முகப்பில் வெண்பனி உருகாமல் தங்குவதும் இக்காரணத்தாலேயே. ஆற்றல் சேமிப்பில் சிறந்த ஒளிமூலம், ஈரத்தை உலர்த்துவதில் பின்தங்கியுள்ளது. இதனை ஈடுசெய்யச் சில விளக்குகளில் வெப்பக்கடத்தித் தகட்டின் சூடான காற்றை வெளிவில்லையை நோக்கிச் செலுத்தும் சிறு விசிறி பொருத்தப்படுகிறது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர ஊர்திகளில் எந்திரம் இயங்கும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு எரியும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இதனால் பகற்பயணத்திலும் ஆலசன் விளக்கின் வெப்பம் உட்காற்றை உலர்த்த உதவுகிறது. ஒளியுமிழ் இருமுனைய விளக்குகளில் இப்பயன் குறைவு.

பின்விளக்குகள்

பின்விளக்குகளில் ஒளிமூலத்தின் வெப்பம் குறைவு. நிறுத்த விளக்கின் வழக்கமான மின்குமிழ் 21 வாட்டுத் திறனுடையது. அதுவும் நிறுத்தியை மிதிக்கும்போது மட்டுமே எரியும். எந்திரத்தின் வெப்பமும் பின்விளக்கை எட்டுவதில்லை. ஓடும் ஊர்தியின் பின்னே உருவாகும் காற்றுச்சுழல், சாலையிலிருந்து எழும் சேற்றுநீரையும் தூசியையும் பின்விளக்கின் மேல் வீசுகிறது. ஆகவே பின்விளக்கில் தோன்றும் படிவு மெதுவாகவே உலரும்.

பின்விளக்குக்கும் ஊர்தியின் உடற்கூட்டுக்கும் இடையிலும் ஓர் அடைப்பு வளையம் உள்ளது. அது பழுதானால் நீர் விளக்கினுள் செல்லாமல் பொருட்பெட்டியினுள் கசியும். பொருட்பெட்டியின் விரிப்பு அடிக்கடி நனைந்திருந்தால் இவ்வளையத்தையும் சோதிக்கவேண்டும்.

இயல்பான படிவும் கசிவும்

ஊர்தித் தயாரிப்பாளர் பலர் தம் பயனர் கையேடுகளிலேயே, மெல்லிய உட்படிவு இயல்பானது எனக் குறிப்பிடுகின்றனர். இயல்பான படிவின் அடையாளங்கள் வருமாறு.

- கண்ணாடியின் ஒரு பகுதியில் மட்டும் மெல்லிய புகைபோல் காணப்படும்.
- மழை, குளிர், கழுவுதல் ஆகியவற்றுக்குப் பின் தோன்றும்.
- விளக்கை எரியவிட்டு ஊர்தியை ஓட்டினாலோ, வெயிலில் நிறுத்தினாலோ மறையும்.
- பெரும்பாலும் இருபுற விளக்குகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

கசிவின் அடையாளங்கள் வருமாறு.

- பெரிய சொட்டுகள் உருவாகி வழிந்து கோடுகளாகத் தெரியும்.
- விளக்கின் அடியில் நீர் தேங்கி, ஊர்தி அசையும்போது அசையும்.
- பல நாட்கள் வறண்ட வானிலை நிலவியும் மறையாது.
- ஒருபுற விளக்கில் மட்டும் காணப்படும்.
- நீர் உலர்ந்த இடத்தில் வெண்கறையோ சேற்றுத் தடமோ எஞ்சும்.

இறுதி அடையாளம் உறுதியானது. ஆவியிலிருந்து ஒடுங்கிய நீர் தூய நீராகும். அது உலர்ந்தால் உப்போ சேறோ எஞ்சாது. கறை எஞ்சினால் வந்தது மழைநீரோ சாலைநீரோ ஆகும்.

படிவு உட்புறத்தில்தான் உள்ளதா என்பதையும் முதலில் உறுதிசெய்யவேண்டும். வெளிப்புறத்தில் படிந்த பனி விரலால் துடைத்தால் நீங்கும். பழைய விளக்குகளில் காணப்படும் மஞ்சள் மங்கல், சூரியனின் புற ஊதாக்கதிரால் பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு சிதைவதால் உண்டாவது. அதற்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை.

கசிவுக்கான காரணங்கள்

கசிவுகளுள் எளிதில் தவிர்க்கக்கூடியது, மின்குமிழை மாற்றியபின் பின்மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விடுவது அல்லது பொருத்தவே மறப்பது. இரப்பர் மூடி ஓரிடத்தில் மடிந்திருந்தாலும் நீர் புகும். இதனைத் தவிர, கல்லடியால் வெளிவில்லையில் ஏற்படும் வெடிப்பு, சிறு மோதலில் கூட்டின் பின்புறம் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத உடைவு, விளிம்புப் பசையின் முதுமை, காற்றுக்குழாய் கழன்று விழுதல், மண்ணாலோ பூச்சிக்கூட்டாலோ காற்றுத்துளை அடைபடுதல், உயரழுத்த நீர்த்தாரையை மிக அருகிலிருந்து விளிம்பின் மேல் பாய்ச்சுதல் ஆகியனவும் காரணங்களாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய ஊர்திகளில், பழுதற்ற விளக்குகளிலும் காற்றுத்துளை வழியே நீர் நிறையும். 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் சென்னையில் ஏற்பட்ட வெள்ளங்களில் பெருமளவு ஊர்திகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய ஊர்திகளில் எந்திரத்தைச் சோதிப்பது போலவே, விளக்குகளையும் அவற்றின் மின்னிணைப்புகளையும் சோதிக்கவேண்டும்.

விளைவுகள்

முகப்பு விளக்கின் தாழ்கற்றை, மேற்புறம் கூர்மையான எல்லைக்கோட்டுடன் வடிவமைக்கப்படுகிறது. கோட்டின் கீழே சாலைக்கு ஒளி செல்லும். மேலே எதிரே வருவோரின் கண்ணுக்கு ஒளி செல்லாது. வெளிவில்லையில் நுண்துளிகள் படிந்திருக்கும்போது ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி இக்கோடு குலைகிறது. சாலைக்குச் செல்லும் ஒளி குறைகிறது. எதிரே வருவோரின் கண் கூசுகிறது. மழை பெய்யும் இரவில், சாலையைத் தெளிவாகக் காணவேண்டிய வேளையிலேயே இது நிகழ்வதால் விபத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது. பின்விளக்கில் அடர்ந்த படிவு இருந்தால், நிறுத்த விளக்கு எரிவதைப் பின்னால் வருவோர் பிரித்தறிவதும் கடினமாகலாம்.

நீண்டகாலம் தங்கும் ஈரம் எதிரொளிப்பானின் அலுமினியப் பூச்சை அரித்து உரிக்கும். ஒருமுறை உரிந்த பூச்சு உலர்த்துவதால் மீளாது. மின்குமிழின் தாங்கியும் இணைப்புகளும் பச்சை படிந்து துருவேறும். சூடான ஆலசன் குமிழின் மீது நீர்த்துளி விழுந்தால் குமிழ் வெடிக்கக்கூடும். ஒளியுமிழ் இருமுனைய விளக்குகளில் மின்சுற்றுப் பலகை பழுதாகும். இவற்றுள் பலவற்றில் உட்பகுதியைத் தனியாக மாற்ற இயலாததால், முழு விளக்கையும் மாற்றும் செலவு நேர்கிறது.

தடுக்கும் வடிவமைப்பு முறைகள்

காற்றோட்டம்: வளைந்த இரப்பர்க் குழாய்களை மேலும் கீழுமாக வெவ்வேறு இடங்களில் பொருத்துவது பழைய முறை. சூடான ஈரக்காற்று ஒரு குழாய் வழியே வெளியேற, மற்றொன்றின் வழியே வெளிக்காற்று உட்புகும். குழாய் வளைந்து கீழ்நோக்கி இருப்பதால் நீர்த்துளிகள் எளிதில் நுழைவதில்லை.

நுண்துளைச் சவ்வு: விரிவாக்கிய பாலிடெட்ராபுளோரோஎத்திலீனால் ஆன சவ்வு காற்றுத்துளையின் மேல் ஒட்டப்படுகிறது. இப்பொருளை 1969 இல் அமெரிக்கரான இராபர்ட்டு கோர் கண்டறிந்தார். மழையாடைகளில் பயன்படுவதும் இவ்வகைச் சவ்வே. இதன் நுண்துளைகள் நீராவி மூலக்கூறுகளை விடப் பெரியனவாகவும், மழைத்துளியை விட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியனவாகவும் உள்ளன. எனவே காற்றும் நீராவியும் கடந்து செல்லும். நீரும் தூசியும் தடுக்கப்படும்.

பூச்சு: வெளிவில்லையின் உட்புறத்தில் நீர்கவர் பூச்சு இடப்படுகிறது. இது நீர் படிவதைத் தடுப்பதில்லை. படியும் நீரைத் துளிகளாகத் திரளவிடாமல் சீரான படலமாகப் பரப்புகிறது. படலம் ஒளியைச் சிதறடிக்காததால் விளக்கு தெளிவாகத் தெரிகிறது.

உலர்த்திகள்: சில விளக்குகளில் சிலிக்காக்கூழ் போன்ற ஈரமுறிஞ்சி வைக்கப்படுகிறது. இது நிறைவுற்றபின் பயன்தராது. மாற்றப்படவேண்டும் அல்லது வெப்பத்தால் உலர்த்தப்படவேண்டும்.

தரநிலைகள்

விளக்கின் நீர்க்காப்பு, ஐ.இ.சி. 60529 மற்றும் ஊர்திகளுக்கான ஐ.எசு.ஓ. 20653 ஆகிய தரநிலைகளில் ஐ.பி. என்னும் குறியீட்டால் தரப்படுத்தப்படுகிறது. இதன் முதல் எண் தூசிக்கெதிரான காப்பையும், இரண்டாம் எண் நீருக்கெதிரான காப்பையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, ஐ.பி. 67 என்பதில் உள்ள 7, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கும் சோதனையைக் குறிக்கிறது. இக்குறியீடு நீர்ம நிலையிலுள்ள நீரைப் பற்றியதேயன்றி நீராவியைப் பற்றியது அன்று. ஆகவே உயர்ந்த ஐ.பி. தரமுள்ள விளக்கிலும் ஆவி ஒடுங்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் எசு.ஏ.இ. அமைப்பு வெளியிட்ட ஜே575 தரநிலை, ஊர்தி விளக்குகளுக்கான ஈரப்பதம், தூசி, அதிர்வு, அரிப்பு ஆகிய சோதனைகளை விவரிக்கிறது.

சீர்செய்தல்

மெல்லிய படிவுக்குச் சிறப்பான சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஊர்தியை வெயிலில் நிறுத்தியோ, விளக்கை ஏற்றி ஓட்டியோ உலரவிடலாம். படிவு நீங்கத் தாமதமானால் காற்றுத்துளைகள் அடைபட்டுள்ளனவா எனப் பார்த்துத் தூய்மை செய்யவேண்டும். பின்மூடி சரியாகப் பொருந்தியுள்ளதா எனவும் பார்க்கவேண்டும்.

நீர் தேங்கியிருந்தால் முதலில் கசியும் இடத்தைக் கண்டறியவேண்டும். விளக்கைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்து நீரை வடித்து, மிதமான வெப்பக்காற்றால் உலர்த்தலாம். மிகுந்த வெப்பம் நெகிழியை உருக்குலைக்கும். கசிவை அடைக்காமல் உலர்த்துவது, அடுத்த மழை வரை மட்டுமே பயன்தரும்.

விளிம்பை அடைக்கச் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தும்போது அதன் வகையைக் கவனிக்கவேண்டும். காடி மணமுள்ள பசைகள் இறுகும்போது அசிட்டிக்கு அமிலத்தை வெளிவிடும். அவ்வாவி விளக்கினுள் அடைபட்டால் எதிரொளிப்பானின் அலுமினியத்தை அரிக்கும். அமிலம் வெளிவிடாத நடுநிலை வகைப் பசையே ஏற்றது.

தேங்கிய நீர் வடிவதற்காக விளக்கின் அடியில் துளையிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அத்துளை வழியே நீர் வடிந்தாலும், சாலைத்தூசியும் தெறிக்கும் நீரும் அதே வழியே உட்புகுந்து எதிரொளிப்பானைக் கெடுக்கும். மூச்சுவிடும் வழிகளைத் திறந்தும், நீர் புகும் வழிகளை அடைத்தும் வைப்பதே விளக்கின் ஆயுளைக் காக்கும் முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஈரப்பதம்
- பனிபடுநிலை
- சார்லசின் விதி
- ஆலசன் விளக்கு
- ஒளியுமிழ் இருமுனையம்
- பாலிகார்பனேட்டு